கொள்ளைநோய்ப் படங்களில் ஊர் ஏன் உடைகிறது? சென்னையை வைத்து ஒரு விளக்கம்

வைரஸ் ஒன்றைப் பற்றிப் புதிதாகச் செய்தி வரும்போதெல்லாம் சில திரைப்படக் காட்சிகள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. 2025 ஜனவரியில் சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் எச்எம்பிவி என்ற மூச்சுமண்டல வைரஸ் தொற்று இருப்பது தெரிந்தபோது அப்படி நடந்தது. 2020இன் தொடக்கத்தில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு வெளியான ‘கன்டேஜியன்’ என்ற ஆங்கிலக் கொள்ளைநோய்ப் படம் உலகெங்கும் மறுபடி அதிகம் பார்க்கப்பட்ட படங்களில் ஒன்றானது. வெறிச்சோடிய சாலை, உடைக்கப்பட்ட மருந்துக்கடை, அரிசி மூட்டைக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம், எல்லையில் துப்பாக்கியுடன் ராணுவம். பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: நாளை நம் தெருவிலும் இப்படித்தான் நடக்குமா?

அந்தக் காட்சிகளில் நோயைப் பற்றிய அறிவியல் பல நேரம் சரியாகவே இருக்கிறது. மனிதர்களைப் பற்றிய கணிப்புதான் பெரும்பாலும் தவறுகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் முதலில் உடைவது மனிதரின் குணம் என்று படங்கள் சொல்கின்றன. சென்னையில் நாம் கண்டது வேறு. இங்கே ஏற்பாடுகள் உடைந்தன, ஏற்பாடு உடைந்த இடத்தில் மனிதர்கள் தடுமாறினார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

படத்துக்கு வேண்டிய இரண்டு எண்கள்

ஒரு தொற்றுநோய் எவ்வளவு ஆபத்தானது என்பதை இரண்டு அளவுகளால் சொல்கிறார்கள்.

1. பரவல் எண். நோயுற்ற ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பது இது. ‘ஆர் நாட்’ என்பார்கள். தட்டம்மைக்கு இது 12 முதல் 18 வரை என்று பாடநூல்கள் சொல்கின்றன.

2. இறப்பு விகிதம். நோய் கண்டவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பது. நிபா வைரஸ் நோயில் இது மிக அதிகம்; 40 முதல் 75 விழுக்காடு வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நிபா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதில் பரவுவதில்லை.

திரைக்கதைக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும். ‘கன்டேஜியன்’ படத்தின் கற்பனை வைரஸ், நிபாவை ஒத்த கிருமியாக அறிவியலாளர்களின் ஆலோசனையோடு வடிவமைக்கப்பட்டது. அதில் நோயுற்றவர்களில் ஏறத்தாழ கால் பங்கினர் இறக்கிறார்கள். பரவல் எண் முதலில் 2. வைரஸ் மாறிய பிறகு 4. இரண்டுக்கும் நான்குக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரில் தொடங்கி, இரண்டிரண்டாகப் பரவினால் பத்தாவது சுற்றில் புதிதாக நோயுறுபவர்கள் 1,024 பேர். நான்கு நான்காகப் பரவினால் அதே பத்தாவது சுற்றில் 10,48,576 பேர். ஒரு சுற்றுக்கு ஐந்து நாள் என்று கொண்டால் இடையில் கழிந்தது ஐம்பதே நாள்.

இந்தக் கணக்கைப் பார்த்து அஞ்சுவது இயல்பு. ஆனால் பரவல் எண் கிருமியின் பிறவிக்குணம் மட்டுமே அன்று. நாம் எப்படிக் கூடுகிறோம், எங்கே வரிசையில் நிற்கிறோம், காய்ச்சலோடு வேலைக்குப் போகாமல் இருக்க முடிகிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் நடைமுறையில் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. சராசரி ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் நோய் தானாகத் தேயும். ஆகவே ஊரின் ஒழுங்கு நோய்க்கு வெளியே நிற்கும் பின்னணி இல்லை. அது நோயின் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. சமூகம் தடுமாறும்போது நோய் விரைகிறது, நோய் விரையும்போது தடுமாற்றம் கூடுகிறது. நல்ல கொள்ளைநோய்ப் படங்கள் இந்தச் சுழலைப் பிடித்துவிடுகின்றன. ‘கன்டேஜியன்’ படத்தில் போலி மருந்து ஒன்றுக்காக மருந்துக்கடை முன் திரளும் கூட்டமே, நோய் ஒருவரிடமிருந்து பலருக்குத் தாவும் இடமாகவும் ஆகிறது.

கிருமிக்கு முகம் இல்லை, கூட்டத்துக்கு உண்டு

அந்தக் காட்சிகளில் மிகை எங்கிருந்து வருகிறது? திரைமொழியின் தேவையிலிருந்து. வைரஸைப் படம்பிடிக்க முடியாது. இருமலையும் கதவுப்பிடியைத் தொடும் விரல்களையும் ஓரளவுக்குமேல் காட்ட முடியாது. எனவே இயக்குநர் கண்ணுக்குத் தெரியும் எதிரியைத் தேடுகிறார்.

அது இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, சதிகாரன். ‘கன்டேஜியன்’ வெளியான மறுமாதம், 2011 தீபாவளிக்கு வந்த ‘ஏழாம் அறிவு’ இந்த வழியை எடுத்தது. வெளிநாட்டான் ஒருவன் சென்னைத் தெருநாய்க்குக் கிருமி ஊசி போடுகிறான், நகரம் வீழ்கிறது. 2020இல் இந்தப் படம் முன்பே சொல்லிவிட்டது என்று பலரும் வியந்து பகிர்ந்தார்கள். அந்தக் கதையில் அச்சத்தைத் தூண்டும் கற்பனை இருக்கிறது. தொற்றுநோய் ஒரு நகரத்தில் எப்படி இயங்கும் என்ற அறிவு இல்லை. சதிகாரனைக் கண்டுபிடித்து அடித்தால் நோய் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஆறுதலானது. ஆனால் அது பார்வையாளரின் கோபத்தை அந்நிய முகத்தின் மீது திருப்பிவிடும். கொரோனா தொடங்கிய மாதங்களில் வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் நம் நகரங்களில் பட்ட அவமானத்தை நினைத்தால், அந்தத் திசைதிருப்பலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது தெரியும்.

இன்னொரு வழி, கூட்டம். பீதியடைந்த மக்களே எதிரி ஆகிவிடுகிறார்கள். ‘பிளைண்ட்னெஸ்’ படத்தில் பார்வை பறிபோனவர்கள் ஒரு பழைய மனநல விடுதியில் அடைக்கப்படுகிறார்கள். ஆயுதம் வைத்திருக்கும் சிலர் சாப்பாட்டைக் கைப்பற்றிக்கொள்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் அங்கே முதலில் கைவிட்டது அரசு. உள்ளே யாரை அனுப்பினோம், யார் பங்கிடுவார்கள் என்று கேட்காமல் கதவைப் பூட்டியதுதான் தொடக்கம். ஆனால் படம் முடியும்போது பார்வையாளர் நினைவில் தங்குவது பூட்டியவர்கள் இல்லை, உள்ளே அடித்துக்கொண்டவர்கள்.

வெள்ளத்தில் கூடிய ஊர், நோயில் விலகியது ஏன்?

பேரிடர்களை ஆய்ந்த சமூகவியலாளர்கள் இந்தப் பீதிக் கதையை நெடுங்காலமாக மறுத்து வருகிறார்கள். அமெரிக்காவில் 1963இல் தொடங்கப்பட்ட பேரிடர் ஆய்வு மையத்தின் நிறுவனர்களில் ஒருவரான எட்வர்ட் குவாரன்டெல்லி, நிலநடுக்கம், தீவிபத்து, வெள்ளம் எனப் பல நிகழ்வுகளை ஆராய்ந்து, கட்டுக்கடங்காத பீதி என்பது அரிது என்றே முடிவுக்கு வந்தார். பேரிடரில் மக்கள் முதலில் செய்வது பக்கத்தில் இருப்பவருக்கு உதவுவதுதான்.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது வடசென்னை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, முன்பின் தெரியாத குடும்பங்களை மாடிகளிலிருந்து இறக்கினார்கள். சோற்றுப் பொட்டலம் கட்டாத தெரு அன்று அரிது.

நான்கரை ஆண்டு கழித்து, 2020 ஏப்ரல் 19 இரவு, இதே நகரத்தில் கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. கல்லாலும் கட்டையாலும் ஆம்புலன்ஸைத் தாக்கியது. ஊழியர்களுக்கு ரத்தக் காயம். கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவரும் மருத்துவமனை ஊழியர்கள் சிலரும் நள்ளிரவில் தங்கள் கைகளாலேயே குழியை மூடினார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு அம்பத்தூர் மயானத்தில் நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலும் மறுக்கப்பட்டிருந்தது.

அந்த நிகழ்வுகளைக் குறைத்துப் பேச முடியாது, கூடாது. ஆனால் ஒரே ஊர் இரண்டு பேரிடர்களில் ஏன் இருவேறு விதமாக நடந்துகொண்டது என்பதை விளக்கியாக வேண்டும். நான் காணும் காரணங்கள் மூன்று.

1. வெள்ளத்தில் நீட்டும் கை காப்பாற்றுகிறது. கொள்ளைநோயில் அதே கை நோயைக் கொண்டுவரக்கூடும். உதவ நினைக்கும் உந்துதலும் தப்ப நினைக்கும் உந்துதலும் ஒரே மனத்தில் மோதுகின்றன. இந்த மோதல்தான் கொள்ளைநோய்ப் படங்களின் உண்மையான நாடகம். கடைச் சூறையைவிட ஆழமானது இது.

2. வெள்ளம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தொற்று தெரியாது. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்பதை யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். உரிய முறையில் சுற்றிப் புதைக்கப்படும் உடலிலிருந்து அக்கம்பக்கத்தாருக்கு நோய் பரவாது என்ற செய்தி, அந்த இரவுக்கு முன்பு அந்தத் தெருக்களுக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை.

3. வெள்ளத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, தண்ணீர் வடிந்துவிடும். கொள்ளைநோய்க்கு அன்று யாராலும் நாள் குறிக்க முடியவில்லை. முடிவு தெரியாத அச்சம் எளிதில் இன்னொருவர் மீது பாய்கிறது.

ஒரு வாரத்துக்குள் தமிழ்நாடு அரசு, இவ்வாறு அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தோடு சேர்ந்து விளக்கமும் போனதால், பின்னர் 2021இல் மயானங்களில் ஓயாமல் உடல்கள் வந்த மாதங்களில்கூட அப்படிப்பட்ட தாக்குதல் வழக்கமாகிவிடவில்லை. இறப்பு பல மடங்கு கூடியபோதும் அந்தக் கொடுமை கூடவில்லை என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அறிவிப்பே கூட்டத்தைக் கூட்டும் விதம்

2020 ஏப்ரல் 24 அன்று, 26ஆம் தேதி முதல் நான்கு நாட்களுக்குச் சென்னை, கோவை, மதுரை ஆகிய மாநகரங்களில் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது. மளிகைக்கடைகூடத் திறக்காது. இடையில் இருந்தது ஒரே நாள். 25ஆம் தேதி காலை கோயம்பேட்டிலும் நகரின் மற்றச் சந்தைகளிலும் தோளோடு தோள் உரசக் கூட்டம். தொலைக்காட்சிகள் அதைப் பொறுப்பற்ற மக்கள் என்று காட்டின.

அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு குடும்பத்தலைவியின் நிலையில் நின்று பாருங்கள். நான்கு நாள் கடை இல்லை. வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை, அல்லது சிறியது. கையில் இருக்கும் பணத்துக்கு இன்றே வாங்கியாக வேண்டும். அவள் போனது முழுக்க நியாயமான முடிவு. பல லட்சம் பேர் ஒரே காலையில் அதே நியாயமான முடிவை எடுத்தபோதுதான் கூட்டம் உருவானது. அந்தக் கால அட்டவணையைக் குறித்தது அறிவிப்பு.

கோயம்பேடு வணிக வளாகம் 1996இல் திறக்கப்பட்டது. பரப்பு 295 ஏக்கர். தமிழ்நாட்டின் வடபகுதி முழுவதிலிருந்தும் அங்கே லாரி வரும்; அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களின் சுமைதூக்கும் தொழிலாளர்கள் அங்கேயே உழைத்து, அங்கேயே படுத்து உறங்குவார்கள். சந்தையில் தொற்று வெளிப்பட்டதும் அவர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். நோய் அந்த மாவட்டங்களுக்கும் போயிற்று. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாறியது. ஒரு பெருநகரத்தின் சாப்பாடு ஒரே வாயில் வழியாக நுழைவது அமைதிக்காலத்தில் வசதி. தொற்றுக்காலத்தில் அதுவே பலவீனம். திரைப்படங்கள் கடை உடைவதைக் காட்டும், கடைக்குச் சரக்கு வரும் வழியைக் காட்டாது.

இன்னொரு எடுத்துக்காட்டு இதைவிடத் தெளிவானது. 2021 ஏப்ரல் இறுதியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில், கொரோனா நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட ரெம்டெசிவிர் மருந்தின் விற்பனை தொடங்கியது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த உறவினர்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டுடன் இரவும் பகலும் சாலையிலேயே காத்துக் கிடந்தார்கள். இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைக்க மறுத்திருந்தது (2022இல்தான் அந்த நிலைப்பாடு ஓரளவு தளர்ந்தது). ஐயத்துக்குரிய பயன், உறுதியான கூட்டம்: படத்தில் பார்த்த மருந்துக்கடைக் காட்சிக்கு வேண்டிய எல்லாமே அங்கு இருந்தன. ஆனால் யாரும் அந்த விற்பனையகத்தைச் சூறையாடவில்லை. அழுதார்கள், கெஞ்சினார்கள், வரிசையில் நின்றார்கள். மே 15 அன்று விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாறியது, நெரிசல் தீரவில்லை. பிறகு, மருந்தை மருத்துவமனைகளுக்கே நேரடியாக அனுப்புவது என்று முடிவானது. நோயாளியின் உறவினர் அலையவேண்டிய தேவை ஒழிந்தது. அத்துடன் அந்தக் கூட்டமும் மறைந்தது. மக்களின் குணம் அந்தச் சில நாட்களில் மாறிவிடவில்லை, வழங்கும் முறை மாறியது.

வேப்பிலையும் தகரமும்

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். அந்தக் கொத்தைப் பார்த்ததும் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டார் விழாக்களுக்குப் போகமாட்டார்கள், தாளிப்பு வாசனைகூட எழாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை இது நீளும். தொற்றியலின் சொற்களில் சொன்னால் இது தனிமைப்படுத்தல்தான். இந்த வழக்கத்தோடு சேர்ந்த நம்பிக்கைகள் மருத்துவமனைக்குப் போவதையும் தடுப்பூசியையும் பல வீடுகளில் தாமதப்படுத்தின என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்தத் தனிமையில் இழிவு இல்லை. ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்று சொன்ன குடும்பத்தைத் தெரு தள்ளி நின்று மதித்தது.

2020இல் அதே சென்னைத் தெருக்களில், தொற்று கண்ட வீடுகளை மாநகராட்சி தகரத் தடுப்பு வைத்து அடைத்தது. கதவில் பெயரோடு அறிவிப்பு ஒட்டியது. மருத்துவ நோக்கம் ஒன்றுதான். விளைவு வேறு. தகரத்துக்குப் பின்னால் இருப்பவர் குற்றவாளிபோல ஆனார். அந்தக் கதி நேராமல் இருக்கப் பலர் அறிகுறியை மறைத்தார்கள், பரிசோதனையைத் தள்ளிப்போட்டார்கள். அடைப்பதற்காகச் செய்த ஏற்பாடு நோயை ஒளித்துவைக்கக் காரணமானது.

இது புதிதில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தபோது பிரிட்டிஷ் அரசு மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் இயற்றியது. புனேயில் படைவீரர்கள் வீடு புகுந்து சோதனையிட்டார்கள், பெண்களை அவமதித்தார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 2020இல் நாடு முழுவதும் பயன்பட்டது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான். நோய்க்கும் மக்களுக்கும் நடுவில் நிற்க வேண்டிய அரசு, நோயைவிட அச்சமூட்டுவதாக ஆகும் இடத்தில் சமூகம் உண்மையிலேயே விரிசல் விடுகிறது. அந்த விரிசலைப் படமாக்கும் துணிவு நம் திரையுலகில் இனிமேல்தான் வர வேண்டும்.

வதந்திக்கு வில்லன் தேவையில்லை

‘கன்டேஜியன்’ படத்தில் பொய்யைப் பரப்ப ஒரு பாத்திரம் இருக்கிறது: இணையத்தில் எழுதுபவன், போலி மருந்தால் லாபம் அடைபவன். அதே படத்தில் இதைவிட நுட்பமான இன்னொரு காட்சி உண்டு. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்தின் உயர் அதிகாரி, நகரம் மூடப்படும் செய்தியை முன்கூட்டியே தன் வருங்கால மனைவிக்குச் சொல்லிவிடுகிறார். அன்பினால் செய்ததுதான், ஆனால் செய்தி கசிந்ததும் அரசு சொல்லும் எதையும் மக்கள் நம்ப மறுக்கிறார்கள். நம்பிக்கை எப்படிக் கரைகிறது என்பதற்கு இந்தக் காட்சியே சரியான பாடம்.

சென்னையில் நம்பிக்கை கரைந்தது ஒரு துயரத்தால். மக்கள் தயங்கக்கூடாது என்பதற்காகவே நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலை இறந்தார். தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். தேசியக் குழுவும் ஆராய்ந்து பின்னர் அதை உறுதிசெய்தது. ஆனால் அடுத்தடுத்து நடந்த இரண்டைக் காரணமும் விளைவுமாகக் கோத்துக்கொள்வது மனித மனத்தின் இயல்பு. அவரை நேசித்தவர்களே அஞ்சினார்கள். இந்த அச்சம் எழப் பொய் சொல்லும் ஒருவனோ லாபம் அடையும் ஒருவனோ தேவைப்படவில்லை. இத்தகைய அச்சத்தை யாரையும் கைது செய்து தீர்க்க முடியாது. தெருவில் ஏற்கெனவே அறிமுகமான ஒரு குரல் போய்ப் பேச வேண்டும்.

அந்தக் குரல்கள் இருந்தன. மாநகராட்சி ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களை அமர்த்தி வீடு வீடாக அனுப்பியது. பலர் அதே பகுதியைச் சேர்ந்த பெண்கள். காய்ச்சல் உண்டா, வாசனை தெரிகிறதா என்று நாள்தோறும் கேட்டார்கள். தெருமுனையில் காய்ச்சல் முகாம் நடந்தது. அம்மா உணவகங்கள் மூடாமல் இயங்கின. தூய்மைப் பணியாளர்கள் ஒரு நாளும் விடுப்பில்லாமல் அடைக்கப்பட்ட வீடுகளின் குப்பையை எடுத்தார்கள், பெரும்பாலும் மெல்லிய முகக்கவசத்துடன். இவர்களை வைத்து ஒரு படம் எடுக்க முடியாதா?

முடியும் என்று மலையாளம் காட்டியிருக்கிறது. 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் நிபா 17 உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்பாளர்கள் கண்காணிக்கப்பட்டு, சில வாரங்களில் நோய் அடங்கியது. அதை வைத்து ஆஷிக் அபு 2019இல் எடுத்த ‘வைரஸ்’ படத்தில், யார் யாரை எங்கே எப்போது சந்தித்தார்கள் என்ற தேடலே கதை. ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், உடலை எரிக்கத் தயங்கும் மயானம், எல்லாம் அதில் உண்டு. பதற்றத்துக்குக் குறைவில்லை. சூறையாடல் இல்லை.

இத்தகைய படத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

1. கூட்டம் கூடுவதற்கு முந்தைய காட்சி எங்கே? யார், என்ன அறிவித்தார்கள், எவ்வளவு அவகாசம் கொடுத்தார்கள்?

2. இறந்தவர்களை யார் எடுத்துச் செல்கிறார்கள்? அவர்களுக்குப் படத்தில் பெயர் இருக்கிறதா?

3. வீட்டில் இருக்க முடியாதவர்கள் திரையில் இருக்கிறார்களா? 2020 மே மாதத்தில் கிண்டியிலும் பல்லாவரத்திலும் ஊர் திரும்ப ரயில் கேட்டுச் சாலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களைக் கலவரக்காரர்கள் என்பதா, கூலியும் சோறும் நின்றுபோனவர்கள் என்பதா? ஒரே காட்சியைக் கேமரா இரண்டு விதமாகவும் காட்ட முடியும்.

4. தடுப்பூசி வந்த பிறகு என்ன ஆகிறது? பெரும்பாலான படங்கள் ஆய்வகத்தில் குப்பி நிறைந்ததும் முடிந்துவிடும். ‘கன்டேஜியன்’ ஒரு படி மேலே போய், பிறந்தநாளைக் குலுக்கல் முறையில் எடுத்து வரிசை வகுப்பதைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஏப்ரலில் தயக்கத்தால் வெறிச்சோடிய முகாம்கள், சில வாரங்களில் தட்டுப்பாட்டால் மூடிக் கிடந்தன. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 40,000 இடங்களில் ஒரே நாளில் முகாம் நடத்தி 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். பள்ளியிலும் பஸ் நிலையத்திலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஊசி கிடைத்தது. அதன் பிறகு வாரந்தோறும் முகாம் தொடர்ந்தது.